இருபது மாடு, ஒரு ஏசி

டென்மார்க் அரசுக்கு மாட்டின் மீது இரண்டு கொள்கைகள் உண்டு. ஒன்று முன்பக்கத்துக்கு. மற்றொன்று பின்பக்கத்துக்கு.

முன்பக்கத்தில் மாடு ஏப்பம் விடுகிறது. ஏப்பத்தில் மீத்தேன். அது குற்றம். 2025 ஜனவரி முதல், 50-க்கு மேல் கறவை மாடு வைத்திருக்கும் பண்ணைக்காரர் ஆண்டுக்கு 80 நாளாவது தீவனத்தில் ‘போவேர்’ என்ற பொடியைக் கலந்தாக வேண்டும். இல்லையென்றால் ஆண்டு முழுதும் கொழுப்பு கூட்டிய தீவனம் போட வேண்டும். ஏப்பத்தில் மீத்தேன் குறையுமாம். அந்த ஆண்டு முடிவதற்குள் மாடுகள் சோர்ந்து விழுகின்றன என்று பண்ணைக்காரர்கள் புகாரைக் கிளப்பிவிட்டார்கள். 2030-இல் வரியும் வருகிறது. கரியமில வாயுவுக்குச் சமமாகக் கணக்கிட்டு, டன்னுக்கு 300 குரோனர். தள்ளுபடி போக 120. மாட்டின் வாய்க்கு வரி போட்ட முதல் நாடு என்ற பெருமை யாருக்கும் விட்டுக்கொடுக்கப்படவில்லை.

பின்பக்கத்தில் மாடு சாணி போடுகிறது. சாணியிலும் மீத்தேன். அது தேசசேவை. 2012-இல் போட்ட எரிசக்தி ஒப்பந்தத்தில் மானியத்தை அள்ளிக் கொடுத்தார்கள். சாணியும் பன்றிக் கழிவும் லாரி லாரியாகப் போய் ராட்சதக் கலன்களில் விழுந்தன. அங்கே மீத்தேன் எவ்வளவு கூடுதலாக வருகிறதோ அவ்வளவு கைதட்டல்.

வாயு ஒன்றுதான். வாசல்தான் வேறு. ஒரு வாசலில் போலீஸ், ஒரு வாசலில் மாவிலைத் தோரணம்.

கோபன்ஹேகனின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது புரொண்பி. அங்கே சாணிக்கு வழியில்லை. கால்பந்து கிளப் உண்டு. பீட்டர் ஷ்மைக்கேல் கோல் காத்த கிளப். வட்டத் தோட்டங்கள் உண்டு. 1964-இல் எரிக் மைகிண்ட் என்ற தோட்டக்கலை வடிவமைப்பாளர் போட்ட திட்டம். வட்டம் வட்டமாக மனைகள், சுற்றிலும் வேலிச்செடி, ஆளுக்கொரு குட்டி வீடு. வானத்திலிருந்து எடுத்த அந்தப் படம் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். ‘இயற்கையோடு வாழும் மக்கள்’ என்று யாராவது கைகூப்பும் பொம்மையோடு அனுப்பியிருப்பார்கள். ஆண்டு முழுதும் அங்கே குடியிருக்க அனுமதி இல்லை என்பதை அனுப்பியவர் சொல்லியிருக்க மாட்டார். கோடை முடிந்தால் இயற்கைக்குப் பூட்டு.

சரி, அந்த வட்டத்தில் இருக்கும் ஒருவருக்கு ஆசை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சமையலறைக் கழிவை ஒரு தொட்டியில் போட்டு, வாயு எடுத்து, அதில் தன் ஃபிரிட்ஜை ஓட்டலாம் என்று. முதலில் நுண்ணுயிர் ஒத்துக்கொள்ளாது. கழிவைத் தின்று வாயு விடும் அந்த ஜீவனுக்கு 35 டிகிரி சூடு வேண்டும். 15-க்குக் கீழே போனால் வேலைநிறுத்தம். டென்மார்க் வானிலை நிலையம் பகல் உச்ச வெப்பம் மூன்று நாள் சராசரியாக 28 டிகிரியைத் தாண்டினாலே கடும் வெப்ப அலை என்று அறிவிக்கிற ஊர் அது. நம் ஊரில் அதற்குப் பெயர் மார்கழி மத்தியானம். ஆக, வாயு எடுக்க முதலில் தொட்டியைச் சூடாக்க வேண்டும். ஃபிரிட்ஜைக் குளிராக்கத் தொட்டிக்கு ஹீட்டர்.

அப்படியே வாயு வந்தாலும் சட்டம் ஒத்துக்கொள்ளாது. எரிவாயு இணைப்பில் உரிமம் பெற்ற நிறுவனம்தான் கை வைக்கலாம். எனவே அந்த ஆள் நல்ல குடிமகனாக, வீட்டுக் குப்பையைப் பத்து வகையாகப் பிரித்து, உணவுக் கழிவைத் தனியாகக் கட்டி வெளியே வைக்கிறார். லாரி எடுத்துப் போகிறது. கழிவு கூழாகிறது. கூழ் வாயுவாகிறது. வாயு குழாயில் ஏறுகிறது. குழாய்க் கட்டணம், வரி எல்லாம் சேர்ந்து ரசீதாகத் திரும்பி வருகிறது. தான் இலவசமாகக் கொடுத்த வாழைப்பழத் தோலைத் தானே விலை கொடுத்து வாங்கும் நாகரிகம் இது.

விற்பவர் யார் என்று கேட்டால் இன்னும் இனிக்கும். நேச்சர் எனர்ஜி என்பது அந்த நாட்டின் பெரிய உயிர்வாயு (பயோகேஸ்) நிறுவனம். ஒரு காலத்தில் ஃபூன் தீவின் நகராட்சிகளுக்குச் சொந்தம். 2018-இல் தனியார் முதலீட்டாளர்கள் கைக்குப் போனது. 2023-இல் ஷெல் வாங்கிக்கொண்டது. ஏறக்குறைய 200 கோடி டாலர். ஆம், அதே ஷெல். நூறு வருஷமாக எண்ணெய் எடுத்துப் புகை போட்ட கம்பெனிக்கு இப்போது சாணியும் சொந்தம். மக்கள் பணத்தில் மானியம், மக்கள் குப்பையில் சரக்கு, லாபம் லண்டனுக்கு. போதாக்குறைக்கு, குழாயில் பசுமை வாயு ஏறிக்கொண்டிருக்கும்போதே, 2035-க்குள் எந்த வீடும் வாயுவில் சூடேறக் கூடாது என்று அதே அரசு இலக்கு வைத்திருக்கிறது. வாயு பச்சையானது. வாடிக்கையாளரை வெளியே அனுப்பியாகிவிட்டது.

இவ்வளவு சொன்னாலும் ஒன்றை மறைக்க முடியாது. அந்த நாட்டின் எரிவாயுக் குழாயில் ஓடுவதில் 40 சதவீதத்துக்கு நெருக்கமாக உயிர்வாயு. இது 2023 நிலவரம். எப்படி முடிந்தது? வீட்டுக்கு வீடு தொட்டி கட்டச் சொல்லி உபதேசம் செய்யவில்லை. 1984-இல் வெஸ்டர் யெர்மிட்ஸ்லெவ் என்ற சின்ன ஊரில் பொதுக் கலன் ஒன்றை நிறுத்தினார்கள். சுற்றுப்பட்டுப் பண்ணைகளின் சாணி ஒரே இடத்துக்கு வந்தது. வாயு எஞ்சினுக்குப் போனது, எஞ்சின் சூடு ஊர் வீடுகளுக்குப் போனது, மிச்சக் குழம்பு வயலுக்குத் திரும்பியது. அப்புறம் அதையே ஊர் ஊராகப் பெருக்கினார்கள். கடைசியில் ஷெல்லுக்கு விற்றார்கள் என்பது வேறு கதை. அவர்கள் பாசாங்கில் ஒரு விளைச்சலாவது இருக்கிறது. நம் பாசாங்கில் அடிக்கல் மட்டும்தான் முளைக்கிறது.

நம் கதைக்கு வருவோம்.

இங்கே நுண்ணுயிருக்கு ஹீட்டர் வேண்டாம். வேலூரும் திருத்தணியும் மே மாதத்தில் தருகிற சூட்டுக்கு டென்மார்க்காரன் கோடிக்கணக்கில் செலவழிக்கிறான். இங்கே சாணிக்குப் பஞ்சமில்லை. குப்பைக்கு அறவே பஞ்சமில்லை. குளிர்ச்சிக்கு மட்டும்தான் பஞ்சம். மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஒரு மூளை வேண்டும். அதற்குப் பதிலாக நமக்குக் கிடைத்தது விழிப்புணர்வு முகாம்.

“உங்கள் வீட்டுக் கழிவில் நீங்களே வாயு தயாரியுங்கள். ஃபிரிட்ஜ் ஓட்டுங்கள். ஏசி ஓட்டுங்கள். மின்கட்டணம் பூஜ்யம்.” யூடியூபில் ஒருவர் சொல்கிறார். மேடையில் ஒருவர் சொல்கிறார். இருவரும் ஏசி அறையில் இருந்துதான் சொல்கிறார்கள். அந்த ஏசி எதில் ஓடுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

கணக்குப் போடுவோம். நாலு பேர் உள்ள வீட்டில் நாளுக்கு ஒன்றரைக் கிலோ சமையல் கழிவு சேரும். கிலோவுக்கு நூறு லிட்டர் வாயு என்று தாராளமாகவே வைத்தாலும் 150 லிட்டர். வாயுவில் ஓடும் நூறு லிட்டர் ஃபிரிட்ஜ் மணிக்கு 30 முதல் 75 லிட்டர் வரை குடிக்கும். வெளியே வெயில் ஏற ஏற அதன் தாகமும் ஏறும். சென்னை வெயிலில் 75 தான். ஆக, இரண்டு மணி நேரம் அது ஃபிரிட்ஜ். மீதி 22 மணி நேரம் கதவு வைத்த அலமாரி. அன்றைக்கு அடுப்பு எரிக்க வாயு மிச்சமிருக்காது என்பதால் உள்ளே வைக்க மிச்சக் குழம்பும் இருக்காது.

சாணியில் பார்த்தால், ஒரு கனமீட்டர் வாயுவுக்கு 25 கிலோ சாணி. ஒரு மாடு சுமாராகப் பத்துக் கிலோ போடும். நாள் முழுக்க ஃபிரிட்ஜ் ஓட நாலைந்து மாடு. ஒரு டன் ஏசியை வாயுச் சூட்டில் ஓட்டினால் மணிக்கு ஒரு கனமீட்டர் போய்விடும். இரவு எட்டு மணி நேரம் தூங்க இருபது மாடு வேண்டும். இருபது மாட்டையும் நிறுத்தி வைக்கிற இடம் உள்ளவனுக்கு ஏசி எதற்கு? தோப்பில் கட்டில் போட்டுப் படுப்பானே.

உடனே ஒருவர் கிளம்புவார்: “அப்படியானால் வாயுவில் ஃபிரிட்ஜ் ஓடாது, சரிதானே?” ஓடும் ஐயா. நன்றாகவே ஓடும். 1922-இல் ஸ்டாக்ஹோமில் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் ஓட்டிக் காட்டிவிட்டார்கள். மூன்றே வருஷத்தில் எலெக்ட்ரோலக்ஸ் அதை வாங்கிக் கடைக்குக் கொண்டுவந்தது. அடியில் ஒரு சின்னச் சுடர். உள்ளே அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன். சுடர் அம்மோனியாவைத் தண்ணீரிலிருந்து விரட்டும். அது குளிர்ந்து திரவமாகி, ஹைட்ரஜனுக்குள் மறுபடி ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கிற சூட்டை எடுத்துக்கொண்டு போகும். பிறகு தண்ணீரிலேயே கரைந்து பழைய இடத்துக்குத் திரும்பும். மோட்டார் இல்லை. சத்தம் இல்லை. தேயும் பாகம் எதுவும் இல்லை. தேயிலைத் தோட்டத்துத் துரைமார் பங்களாவில் மின்சாரம் வருமுன்பே மண்ணெண்ணெயில் இது ஓடியது. சாண எரிவாயுவுக்கு இரண்டே திருத்தம்: பர்னர் துளையைப் பெரிதாக்க வேண்டும், அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடை இரும்புத் துருவலில் வடிகட்டி அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் பர்னரை அது அரித்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மரபுசாரா எரிசக்தி மாநாடு என்றால் நட்சத்திர ஓட்டலில்தான் நடக்கும். பகலில் மேடையில் அதிகாரி சொல்வார்: “வெப்பத்தில் குளிர்ச்சி என்பது ஆய்வுக் கட்டத்தில் இருக்கிறது.” இரவு அறைக்குப் போவார். கட்டிலுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் ஒரு மினிபார் இருக்கும். ஓட்டல் மினிபார்கள் பலவும் அதே பிளாட்டன்–முன்டர்ஸ் தொழில்நுட்பம்தான். விருந்தாளி தூக்கம் கெடக் கூடாது என்பதற்காகவே வைத்தது. பக்கத்திலேயே வைத்து பீர் குடித்துவிட்டு, மறுநாள் எழுந்து “இன்னும் ஆய்வு தேவை” என்று கையெழுத்துப் போடுவார்.

ஆகவே தொழில்நுட்பம் தயார். சூடு தயார். சாணி தயார். எந்த அளவில் செய்வது என்பதில்தான் மோசடி. தனி வீட்டில் இது கட்டுப்படியாகாது. நாலைந்து மாட்டுச் சாணியை ஒரே ஃபிரிட்ஜின் சுடருக்கு ஊட்டுவதைவிட, ஊர்ப் பொது எஞ்சினில் எரித்து மின்சாரமாக்கினால் அதே வாயுவில் சாதாரண ஃபிரிட்ஜ் இரண்டு மூன்று ஓடும். சந்தையில் கட்டுப்படியாகும். பால் சொசைட்டியில் கட்டுப்படியாகும். எங்கே கட்டுப்படியாகாதோ அங்கே நமக்கு உபதேசம். எங்கே கட்டுப்படியாகுமோ அங்கே என்ன நடந்தது?

சென்னையில் கோயம்பேடு சந்தைக்குப் போங்கள். விடியற்காலை போங்கள். முட்டைக்கோஸ் இலை கணுக்கால் வரை. நசுங்கிய தக்காளியில் செருப்பு வழுக்கும். நாளொன்றுக்கு நூறு டன்னுக்கு மேல் கழிவு. 2005-இல் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) அங்கே ஒரு ஆலை வைத்தது. மத்திய அரசின் நிதியுதவி, மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொழில்நுட்ப ஆலோசனை, எல்லாம் உண்டு. நாளுக்கு 30 டன் காய்கறிக் கழிவைத் தின்று வாயு விட்டு மின்சாரம் தரும் என்றார்கள். சேர்கிற கழிவில் அது ஒரு பங்குதான். அந்த ஒரு பங்கையும் ஒழுங்காகத் தின்ன விடவில்லை. சில ஆண்டுகள் விட்டு விட்டு ஓடியது. அப்புறம் படுத்துவிட்டது. கழிவு மறுபடி லாரி ஏறிக் குப்பைமேட்டுக்குப் போனது. லாரிக்கு டீசல், டீசலுக்குப் பில், பில்லுக்குக் கமிஷன் என்று ஒரு நுண்ணுயிர்ச் சங்கிலி எந்தச் சூட்டிலும் சளைக்காமல் வேலை செய்தது.

இன்றைக்கும் சந்தைக்குள் நாலு மாடு திரியும். முட்டைக்கோஸ் இலையை மென்றுகொண்டு நிற்கும். டெண்டர் இல்லாமல், ஆலோசகர் இல்லாமல், திறப்புவிழா இல்லாமல் கோயம்பேட்டில் தொடர்ந்து இயங்கிவரும் உயிர்வாயு ஆலை அது ஒன்றுதான்.

அங்கே காய்கறி ஏன் அழுகுகிறது? குளிர் இல்லாததால். அழுகியது எதைத் தரும்? குளிரை உண்டாக்கும் வாயுவை. ஒரே வேலிக்குள் நோயும் மருந்தும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. இதற்கு விஞ்ஞானி வேண்டாம். எட்டாம் வகுப்புப் பையன் போதும். ஆனால் கழிவு ஒரு துறை, மின்சாரம் ஒரு துறை, குளிர்பதனக் கிடங்கு ஒரு துறை, சந்தை ஒரு துறை. நாலு துறையும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் நாலு மேஜைக்கு ஒதுக்கிய பணம் என்னாவது? 2023 ஜூலையில் தக்காளி நூறைத் தாண்டிப் பறந்தபோது ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்று அரசு பெயர் வாங்கியது. அதற்கு முன்னும் பின்னும், விலை விழுந்த பருவங்களில், அதே தக்காளியை விவசாயி கூடை கூடையாகச் சாலையில் கொட்டினான். கொட்டும்போது யாரும் வரவில்லை. பறக்கும்போது கேமராவோடு வந்தார்கள்.

கிராமத்துக் கதை இதைவிடப் பழசு. நாடு முழுக்க ஏறக்குறைய 50 லட்சம் குடும்பச் சாண எரிவாயுக் கலன்கள் கட்டியதாக அரசுக் கணக்கு. கட்டியதாக. மானியம் குழி வெட்டி முடித்ததற்கு. வாயு வருகிறதா என்பதற்கு அல்ல. படம் எடுத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், போனார்கள். மாட்டை விற்றவர் வீட்டில் கலன் நின்றது. மூடி துருப்பிடித்த வீட்டில் நின்றது. ரிப்பேருக்கு ஆள் கேட்டால், “அந்தத் திட்டம் முடிந்துவிட்டது, இது வேறு திட்டம்” என்ற பதில் வந்தது. கொல்லைப்புறத்தில் கவிழ்ந்து கிடக்கும் அந்த இரும்பு டிரம்மின் மேல் கோழி ஏறி நிற்பதைப் பார்க்காதவர் கிராமம் பார்க்காதவர். டெல்லிக் கணக்கில் அந்தக் கோழி நிற்பது ஒரு வெற்றிகரமான கலனின் மீது.

சிறிதில் தோற்றால் என்ன, பெரிதில் தோற்போம் என்று 2018 அக்டோபரில் இன்னொரு அறிவிப்பு. ‘சதத்’ திட்டம். நாடெங்கும் 5,000 அழுத்த உயிர்வாயு ஆலைகள், 2023-க்குள். 2023 போனது. ஓடிய ஆலைகள் நூறைத் தொடவில்லை. ஐயாயிரம் என்று சொன்னவர் யாராவது வருத்தம் தெரிவித்தாரா? இலக்கு ஆண்டைத் தள்ளி வைத்தார்கள்.

வரியைப் பாருங்கள். சாண எரிவாயுக் கலனுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதமாக இருந்தது. 2021 அக்டோபரில் 12 ஆக்கினார்கள். பசுமை எரிசக்திக்கு உலக அரங்கில் சத்தியம் செய்த அதே காலம். 2025 செப்டம்பர் 22-இல் 12-ஐ 5 ஆக்கி, அதற்குச் சீர்திருத்தம் என்று பெயர் வைத்து, செய்தித்தாளில் முழுப்பக்க நன்றி விளம்பரம் வாங்கிக்கொண்டார்கள். நம் சட்டைப்பையிலிருந்து எடுத்ததைத் திருப்பி வைத்ததற்கு நாமே மாலை போட வேண்டும். அன்றைக்கே ஏசிக்கும் 28-இலிருந்து 18 ஆனது. அதை மட்டும் எல்லோரும் கவனித்தோம்.

பால் விஷயம்தான் எனக்கு வயிற்றெரிச்சல். மாடு இருக்கிற இடத்தில் சாணி இருக்கிறது. மாடு இருக்கிற இடத்தில்தான் பாலும் இருக்கிறது. பால் கறந்த சில மணி நேரத்தில் குளிர வேண்டும், இல்லையேல் திரியும். இதைவிடப் பொருத்தமான ஜோடி எரிசக்தி உலகத்திலேயே கிடையாது. கென்யாவிலும் தான்சானியாவிலும் சிம்கேஸ் என்ற டச்சு நிறுவனம், சிறு பண்ணையாளர் வீட்டுச் சாண வாயுவிலேயே மாலைப் பாலை இரவு முழுக்கக் குளிர வைக்கும் கருவியைச் செய்து பார்த்தது. நம்மிடம் ஆயிரக்கணக்கில் பால் கூட்டுறவுச் சங்கங்கள். வாசலில் பால் குளிரூட்டும் தொட்டி. மின்சாரம் போனால் டீசல் ஜெனரேட்டர். பக்கத்துத் தொழுவத்தில் மலைபோல் சாணி, ஈ மொய்த்துக்கொண்டு, வானத்துக்கு இலவசமாக மீத்தேன் விட்டுக்கொண்டு. பாலுக்கு லிட்டருக்கு ரெண்டு ரூபாய் ஏற்றித் தரக் கேட்டு விவசாயி கேனைத் தெருவில் கவிழ்க்கும்போது, டீசல் செலவைக் காரணம் காட்டுகிறார்கள்.

இனி என்ன நடக்கும் என்று சொல்லட்டுமா? ஆய்வுக் குழு அமைப்பார்கள். குழு டென்மார்க் போகும். ஜனவரியில் போகாது, ஜூனில் போகும். கோபன்ஹேகனில் இறங்கி, உயிர்வாயு ஆலையை வாசலில் நின்று பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு படம். புரொண்பியின் வட்டத் தோட்டங்களில் துணைவியாரோடு பத்துப் படம். இரவு மினிபார். திரும்பி வந்து வழவழத் தாளில் அறிக்கை. அதில் கோயம்பேடு ஆலையைப் பற்றி ஒரு வரி இருக்காது; அது வேறு துறை. முதல் பரிந்துரை மட்டும் இப்போதே எனக்குத் தெரியும்: ‘குப்பையைப் பயன்படுத்துவது குறித்துப் பொதுமக்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லை.’